பையன் இல்லாத பட்டறை

தர்மபுரியில் சேலம் சாலையிலோ பென்னாகரம் சாலையிலோ இருக்கிற மெக்கானிக் ஷெட்டுகளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். ஷட்டரைத் தூக்குபவரும் அவரே, வாசலில் தண்ணீர் தெளிப்பவரும் அவரே, நேற்று பாதியில் விட்ட வண்டியை வெளியே தள்ளி ஸ்டாண்டு போடுபவரும் அவரே. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆளாக இருப்பார். முப்பத்தைந்து, நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த மூன்று வேலைக்கும் மூன்று பையன்கள் இருந்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவர்தான் இன்றைய ஓனர்.

அவர் பட்டறைக்கு வந்து சேர்ந்த கதை ஊருக்கு ஊர் அதிகம் மாறாது. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ ஃபெயில். வீட்டில் மழையை நம்பிய காடு; ராகி, சாமை, கொள்ளு. மாமனோ சித்தப்பனோ ஓட்டுகிற லாரி அடிக்கடி போய் நிற்கிற ஷெட் ஒன்று இருக்கும். அப்பா கூட்டிப்போய் நிறுத்தி, வாத்தியாரிடம் சொன்னதையே மேஸ்திரியிடமும் சொல்வார்: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க. தொழிலு வந்தா போதும்." சேருவதற்குக் கட்டணம் இல்லை, சேர்ந்த பிறகு சம்பளமும் இல்லை. ஒப்பந்தம் என்று பார்த்தால் அப்பா சொன்ன அந்த வாக்கியம்தான். சில இடங்களில் மத்தியானச் சோறு உண்டு. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கும் சினிமாவுக்கும் ஆகிற மாதிரி கையில் ஏதாவது திணிப்பார்கள். தீபாவளிக்கு ஒரு செட் துணி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்றது தர்மபுரி: 68.54 சதவீதம். அதற்கு முந்தைய இருபது, முப்பது வருடங்களில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று இதை வைத்தே ஊகிக்கலாம். பள்ளிக்கூடம் கைவிட்ட பையன்களை எடுத்துக்கொள்ள அப்போது ஹோட்டல் இருந்தது, செங்கல் சூளை இருந்தது, பெங்களூரில் கட்டட வேலை இருந்தது, மெக்கானிக் ஷெட் இருந்தது. இவற்றில் பத்து வருடம் கழித்து ஒருவன் சொந்தமாகக் கடை போடலாம் என்கிற நம்பிக்கையைக் கொடுத்தது ஷெட் ஒன்றுதான். சாதிச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ அங்கே யாரும் கேட்டதில்லை.

முதல் வருடம் ஸ்பேனர் கைக்கு வராது. டீ வாங்கி வருவது, பெட்ரோலுக்குப் போவது, லேத் பட்டறைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் ஓடுவது, தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழற்றிய சாமான்களைக் கழுவுவது. கழுவுவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் என்ஜினின் ஒவ்வொரு துண்டையும் பையன் கையில் எடுத்துப் பார்த்தது அந்தத் தட்டில்தான். பேரிங்கின் எந்தக் குண்டில் குழி விழுந்திருக்கிறது, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று விரல் கற்றுக்கொண்டதும் அங்கேதான். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். கை மட்டும் வெளியே நீளும். "பன்னண்டு பதிமூணு" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த ஸ்பேனர் உள்ளங்கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் போனால் சொல்வதற்கு முன்பே வைப்பான். நட்டைப் பார்த்ததும் அளவு தெரிகிற கண் வந்துவிட்டது என்று மேஸ்திரிக்கும் அப்போது தெரியும், ஆனால் பாராட்டமாட்டார்.

பாடத்திட்டம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வரிசை இருந்தது: கழுவுவது, கழற்றுவது, பூட்டுவது, கடைசியில் டியூனிங். கழற்ற விட்ட பிறகும் பூட்ட விடுவதற்கு இன்னொரு வருடம் இழுப்பார்கள். அதில் நியாயம் உண்டு. கழற்றுகிறவன் தவறினால் ஒரு போல்ட் முறியும். பூட்டுகிறவன் தவறினால் வண்டியில் போகிறவர் வீடு திரும்பமாட்டார்.

இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அரிச்சுவடி டி.வி.எஸ். 50. அதற்கு ஊர்க் காரணமும் உண்டு. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்தே இருந்தன. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆக, 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்து போகிற அந்த மொபெட் வெளியே வந்தபோது, அது சொந்த மாவட்டத்துச் சரக்கு. பால்காரர், கீரைக்காரர், ஆடு வாங்கி விற்பவர், வட்டி வசூலுக்குப் போகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் அதை வாங்கினார்கள். எழுதியிருந்த பாரத்தை யாரும் பார்க்கவில்லை. மூன்று மூட்டையை ஏற்றி, மேலே மகனையும் உட்கார வைத்துப் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போனார்கள். வண்டி ஷெட்டுக்கு வராமல் எங்கே போகும்?

கற்றுக்கொள்கிறவனிடம் டூ ஸ்ட்ரோக் என்ஜின் எதையும் ஒளிப்பதில்லை. வால்வு கிடையாது, டைமிங் செயின் கிடையாது. நாலு நட்டைக் கழற்றினால் ஹெட் கையோடு வந்துவிடும். சிலிண்டரை உருவினால் பிஸ்டன் கண்முன்னால் நிற்கும். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவதால் சைலன்சரிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கரி அடைத்துக்கொள்ளும். "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வைத்தியம் அந்தக் கரியை எடுப்பதுதான். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டி உதிர்ப்பது பையன் வேலை. பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் ஒட்டிப் பிடித்து பெடலை மிதித்தால் பொறி விழும். நீலமாக 'சட்'டென்று விழுந்தால் சரி. சிவந்து சோம்பலாக விழுந்தால் காயிலையோ காண்டாக்ட் பாயிண்டையோ பார்க்க வேண்டும். பிளக் முனை பழுப்பாக இருந்தால் கார்புரேட்டர் ஒழுங்கு. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது. அப்படியே விட்டால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் தேய்ந்துபோனால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, கால் மில்லிமீட்டர் கூடுதலான பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை அரை, அதற்கடுத்து முக்கால், கடைசியில் ஒரு மில்லிமீட்டர். ஒரே சிலிண்டரை நான்கு தடவை பிழைக்க வைக்கிற இந்தக் கணக்கைப் பள்ளியில் தசமப் புள்ளி புரியாத பையன்கள் வாயால் சொல்வார்கள்.

லாரி ஷெட் வேறு மாதிரி. அங்கே ஓனரைவிட மேஸ்திரிதான் பெரியவர். அப்போது 7 என்ற எண்ணில் இருந்த, இப்போது 44 ஆகிவிட்ட தேசிய நெடுஞ்சாலையில் லேலண்டும் டாட்டாவும் ராப்பகலாக ஓடின. டீசல் தீர்ந்து வழியில் நின்றால், மறுபடி ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றுவதற்கு 'ஏர் எடுக்கிறது' என்று பெயர். ஒருவன் ஹேண்ட் பம்பைத் தட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவன் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பான். நுரையும் குமிழியுமாக வந்து, கடைசியில் சுத்தமான டீசல் கம்பியாக வடியும்போது முடுக்க வேண்டும். மூன்றாவது வருடத்துப் பையன் இதைத் தூக்கத்தில் செய்வான்.

அதைவிட எனக்குப் பிடித்தது, வேலை செய்யாத சிலிண்டரைக் கண்டுபிடிக்கிற முறை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜெக்டருக்குப் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். முதல் நட்டைத் தளர்த்தியதும் சத்தம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. இரண்டாவது, அதுவும் தடுமாறும். மூன்றாவதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் திருடன் அவன்தான். இத்தனை நேரமும் மற்றவர்கள் உழைப்பில் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். எந்தக் கருவியும் வேண்டாம், பதினேழு அளவு ஸ்பேனரும் காதும் போதும். மேஸ்திரி பையனை அருகில் கூப்பிட்டு "கேட்டியா?" என்பார். கேட்டது என்று பொய் சொன்னால் முதுகில் ஒன்று விழும்.

தொப்பூர் கணவாயை விட்டுவிட்டுத் தர்மபுரி மெக்கானிக்கைப் பற்றிப் பேச முடியாது. தர்மபுரி மேட்டிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற அந்தச் சில கிலோமீட்டரில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் லாரிக்காரர்களிடம் நெடுங்காலமாக உண்டு. கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. முழுப் பாரமும் பிரேக் மேல். டிரம் கொதித்து லைனிங் பிடிப்பை இழக்கும். மெதுவாக ஓடும் என்ஜினில் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் காற்றை நிரப்பும்; அடிக்கடி மிதிக்க மிதிக்க டாங்கில் காற்று குறையும். கீழ் கியரில் வரச் சொல்லி எத்தனையோ எச்சரிக்கைப் பலகைகள் வைத்துவிட்டார்கள். 2024 ஜனவரி 24 அன்று தொப்பூர் இரட்டைப் பாலத்தில் வாகனங்கள் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்த காட்சி கண்காணிப்பு கேமராவில் பதிவாகி, நாடு முழுக்கப் பார்க்கப்பட்டது. இந்தப் பக்கத்து லாரி ஷெட்டுகளில் பிரேக் லைனிங் அடிக்கிற வேலையைப் பையனிடம் அத்தனை சுலபத்தில் கொடுக்காததற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம். ரிவிட்டை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் லைனிங் ஷூவில் ஒட்டாமல் நடுவில் உப்பிக்கொள்ளும். ஏர் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியை அனுப்புவார்கள்.

இவ்வளவும் சொல்கிறபோது அந்தக் காலம் பொற்காலமாகத் தோன்றக்கூடும். இல்லை. பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுத்தது பன்னிரண்டு வயதுப் பையன். 2000-ல்தான் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுதாக ஒழிந்தது. அதற்கு முன்னால் அவன் வாயில் போனதும் ராத்திரி கை கழுவியதும் ஈயப் பெட்ரோல். டிரம்மைக் கழற்றி ஊதினானே, அந்தப் பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பேட்டரி ஆசிட் பட்டுச் சட்டை ஓட்டையானால் சட்டைக்குத்தான் திட்டு விழும். ஸ்பேனராலேயே அடித்த மேஸ்திரிகள் உண்டு. ஜாக்கி நழுவி விரல் போனவர்களை ஷெட்டுக்கு ஒருவராவது சொல்வார்கள். நஷ்டஈடு என்ற வார்த்தை யார் வாயிலும் வராது. ஐந்தாறு வருடம் கழித்து வெளியே போகும்போது கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. "இன்னார்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன்" என்கிற பேச்சு மட்டுமே சான்றிதழ். அது பக்கத்துத் தாலுகா வரை செல்லும், அதற்கு மேல் செல்லாது.

பையன்கள் ஷெட்டை விட்டுப் போனது ஒரே நாளில் நடக்கவில்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. வெல்டிங், லேத், டிங்கரிங், பெயின்டிங் உள்பட வாகனப் பழுதுபார்ப்பு வேலைகள் பிற்பாடு அதன் தடைப் பட்டியலில் ஏறின. 2016 திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்றது. ஆனால் சட்டத்தைவிடப் பள்ளிக்கூடம்தான் அதிகம் செய்தது என்று நினைக்கிறேன். 2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்றது. பட்டறைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த 'எட்டாவது ஃபெயில்' என்கிற இனமே அத்தோடு தீர்ந்தது. சத்துணவு இருக்கிறது, சீருடை இருக்கிறது, மேல்நிலை வகுப்பில் சைக்கிள் இருக்கிறது. தட்டுத்தடுமாறியாவது பத்தாவது முடிக்கிறான். பத்தாவது முடித்தவன் டீ கிளாஸ் கழுவ வரமாட்டான். வரவும் வேண்டாம். இதற்காக அங்கலாய்க்கிற மேஸ்திரிகளிடம் எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் பிள்ளைகளையும் அவர்கள் ஷெட்டுக்கு அனுப்பவில்லை, இன்ஜினீயரிங் காலேஜுக்குத்தான் அனுப்பினார்கள்.

சாலையும் மாறிவிட்டது. 2000-களின் இறுதியில் கிருஷ்ணகிரிக்கும் தொப்பூருக்கும் இடையே நான்கு வழிச்சாலை ஓட ஆரம்பித்ததும் நீண்ட தூர லாரிகள் ஊருக்குள் தலைகாட்டுவது குறைந்தது. கம்பெனி சர்வீஸ் வேன், நின்ற இடத்துக்கே வருகிறது. அதே காலத்தில் வேறு வண்டிகள் உள்ளூரை நிரப்பின. 2005-ல் வந்த டாட்டா ஏஸ், 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிக்கொண்டு பாலக்கோடு தக்காளியை மண்டிக்குத் தூக்கியது. பொலிரோ பிக்கப் மாங்காயையும் புளியையும் தூக்கியது. ஷெட்டுகள் கொஞ்ச நாள் இவற்றை வைத்துப் பிழைத்தன.

பெரிய அடி 2020 ஏப்ரலில் விழுந்தது. பி.எஸ். 6 மாசு விதி வந்ததும் புது பைக்குகளில் கார்புரேட்டர் கிட்டத்தட்ட ஒழிந்தது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், ஆக்சிஜன் சென்சார், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பிளக் நிறத்தைப் பார்த்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி மருந்து கொடுத்த கைக்குத் திருப்ப ஸ்க்ரூவே இல்லை. எரிபொருள் எவ்வளவு என்பதைச் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கோளாறு என்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். சில வண்டிகளில் அது எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணினால் கோளாறின் எண் கிடைக்கும், மற்றவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

டீசலில் மாற்றம் இன்னும் கடுமை. மேலே சொன்னேனே, ஓடுகிற என்ஜினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துகிற வித்தை, அதைக் காமன் ரெயில் வண்டியில் செய்யக் கூடாது. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல், ஆயிரத்து அறுநூறு, அதற்கும் மேல்கூட அழுத்தம். தளர்த்திய இடத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தின அடையாளம் மட்டும் இருக்கும், உள்ளே சதை அழுகும். அந்தக் காலத்து மேஸ்திரியின் மிகச் சிறந்த பாடம் இன்றைய என்ஜினில் ஆளை ஊனமாக்கும். இதைத் தெரியாமல் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பயம். புது லாரிகளில் ஆட் ப்ளூ என்கிற யூரியாக் கரைசல் வேறு ஊற்ற வேண்டும். மட்டமான சரக்கை ஊற்றினால் கம்ப்யூட்டர் என்ஜினின் பலத்தைத் தானே குறைத்துவிடும். வண்டியில் எதுவும் உடையவில்லை, தேயவில்லை, ஆனாலும் மேடு ஏறாது.

ஸ்கேனர் வந்தால் மெக்கானிக் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்க்காதவர்கள். பி 0301 என்று திரையில் வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஏன் எரியவில்லை? பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வு உட்காரவில்லையா, இல்லை எலி ஒயரைக் கடித்துவிட்டதா? அங்கேயிருந்து பழைய மூளைதான் வேலை செய்ய வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து சாமானை மாற்றிக்கொண்டே போகிறவர் வாடிக்கையாளரின் பையைக் காலி செய்வார், கோளாறு அப்படியே இருக்கும்.

இந்த மூளை இப்போது எங்கே தயாராகிறது? கடகத்தூர் அரசு ஐ.டி.ஐ. மாதிரி இடங்களில் தயாராக வேண்டும் என்பது ஏற்பாடு. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், இரண்டு வருடம். டீசல் மெக்கானிக் ஒரு வருடம். அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்த பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. பெண்களுக்கு 2022-லிருந்தே புதுமைப் பெண். டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்திருக்கிறார்கள். மின்வாகன மெக்கானிக் என்கிற பிரிவும் வந்துவிட்டது. ஒரு பெண் மெக்கானிக் பிரிவில் சேர்ந்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு என்ஜினைப் பிரிக்க முடிகிறது. எந்தப் பழைய ஷெட்டும் அவளை உள்ளே விட்டிருக்காது.

குறையும் இருக்கிறது. ஐ.டி.ஐ. என்ஜினுக்குச் சொந்தக்காரர் இல்லை. பாதியாக அறுத்து, உள்ளே தெரிகிற மாதிரி வண்ணமடித்து வைத்த அந்த மாதிரி என்ஜினில் கோளாறு வராது. பயிற்சிக்கு வைத்த என்ஜினோ ஐம்பது தடவை பிரித்துப் பூட்டியது. ஷெட்டில் வண்டிக்காரர் பக்கத்திலேயே நிற்பார். "சாயங்காலம் அரூர் போவணும்ணா, ஆவுமா ஆவாதா?" என்று அரை மணிக்கு ஒரு தடவை கேட்பார். பொய் சொல்லாமல், அவசரப்பட்டு தப்பும் செய்யாமல், அந்த ஆளைச் சமாளித்துக்கொண்டே வேலை செய்வது தொழிலில் பாதி. அதைப் பாடமாக்க எந்தத் துறையாலும் முடியாது. பழைய வண்டியும் கோபக்கார வாடிக்கையாளரும் இருக்கிற இடத்துக்குத்தான் பையன் போக வேண்டும்.

ஆனால் அவன் போகிற இடம் ஓசூர். சான்றிதழ் வாங்கிய கையோடு ஆலையில் பயிற்சியாளர். சிலருக்கு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில் பழகுநர் வாய்ப்பு. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகை உண்டு. 2019 விதித் திருத்தத்தில் அதன் குறைந்தபட்ச அளவு 5,000 ரூபாய் ஆனது. கேண்டீன் சாப்பாடு, சீருடை, பஸ். அசெம்பிளி லைனில் அவன் நாள் முழுக்க ஒரே போல்ட்டை ஒரே டார்க் ரெஞ்சால் முடுக்குகிறான். வாகனம் முழுவதையும் அவன் பார்ப்பதே பார்க்கிங்கில்தான் என்று ஒரு கிண்டல் உண்டு; கிண்டலில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

மேஸ்திரியின் ஷெட்டுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், நாலு பேரிலிருந்து விரும்பினால் எடுக்கலாம். தானும் ஒரு ஹெல்பருமாக இருக்கிற பட்டறை அந்தக் கணக்கில் வராது. அமைப்புசாரா ஓட்டுநர்களோடு வாகனப் பழுதுபார்ப்பவர்களையும் சேர்த்து நல வாரியம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் அடையாள அட்டை வாங்கிய மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒரே தெருவில் உள்ள நான்கைந்து ஷெட்டுகளைச் சேர்த்து ஓர் ஐ.டி.ஐ. மாணவனை ஆறு மாதம் அனுப்பினால் என்ன? உதவித்தொகையை அரசு கொடுக்கட்டும். பையன் ஸ்கேனரும் பாடப்புத்தகமும் கொண்டுவருவான். காது இவர்களிடம் இருக்கிறது. இன்னும் பத்துப் பதினைந்து வருடம் போனால் அந்தக் காதுக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள், பிறகு இந்த யோசனையால் பயனில்லை.

டி.வி.எஸ். 50-ன் வாரிசு இன்னும் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக், பி.எஸ். 6-க்குப் பிறகு அதிலும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். கரி அடைக்காது, ஆயில் கலக்க வேண்டாம். மூட்டைகள் மட்டும் அதே மூட்டைகள். சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக்கும் விடாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிஸ்டன் ரிங்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்த ஆட்கள் தாலுகாவுக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

மின்சார ஸ்கூட்டர் அடுத்த கதை. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஆலை 2021-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஓசூரில் ஏத்தர் இருக்கிறது, டி.வி.எஸ். ஐக்யூப் இருக்கிறது. மாவட்டத்தைப் பிரிக்காமல் இருந்திருந்தால் எல்லாமே தர்மபுரிக் கணக்கில் வந்திருக்கும். இந்த வண்டிகளில் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, ஆயில் மாற்ற என்ஜினே இல்லை. ஷெட்காரர் டயர் பார்க்கிறார், பிரேக் பார்க்கிறார், பேரிங், ஷாக் அப்சார்பர் பார்க்கிறார். பேட்டரிப் பெட்டிக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். பிரித்தால் வாரண்டி போய்விடும், உள்ளே இருக்கிற வோல்டேஜும் விளையாட்டில்லை. அதனால் "நம்ம கையில இல்லீங்க, ஷோரூமுக்கு எடுத்துட்டுப் போங்க" என்கிறார். ஓடாத வண்டியை எப்படி எடுத்துப்போவது? குட்டி யானைக்கு போன் போடுகிறார்கள். பின் பலகையை இறக்கி, இரண்டு பேர் ஸ்கூட்டரைத் தூக்கி வைத்துக் கயிறு கட்டுகிறார்கள். அது பழைய இரண்டு சிலிண்டர் டீசல். போன மாதம் அதற்கு கிளட்ச் பிளேட் மாற்றியது இதே ஷெட்டில்தான். பாக்கிப் பணத்தை டிரைவர் இன்னும் கொடுக்கவில்லை.